நடு லேன்ல குடியிருக்கக் கூடாது

தம்பி: அக்கா, இடது பக்கம் காலியாத்தானே கிடக்கு?

அக்கா: தெரியுது.

தம்பி: தெரிஞ்சும் ஏன் நடுவுலயே உருட்டிக்கிட்டு இருக்க?

அக்கா: முன்னாடி லாரி வரும். அப்போ மறுபடியும் நடுவுக்கு வரணும். எதுக்கு சும்மா இங்கயும் அங்கயும் ஆடிக்கிட்டு?

தம்பி: லாரி எங்க?

அக்கா: வரும்.

தம்பி: கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு லாரி இல்ல. நாளைக்கு வரப்போற லாரிக்கு இன்னைக்கே இடம் பிடிக்கிற ஆளு நீ ஒருத்திதான்.

அக்கா: லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்லாம் எனக்கு ரோடு சொல்லித்தர வந்துட்டான். மேலயும் கீழயும் போற வண்டிதானே உனக்குத் தெரியும்.

தம்பி: அது ஒழுங்கா அதோட வழியிலதான் போகும். உன்ன மாதிரி நடுவுல நின்னா உள்ள இருக்கறவன் கத்துவான். பின்னாடி பாரு, ஒருத்தன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறான்.

அக்கா: வலது பக்கமா போகட்டுமே. நானா பிடிச்சு வச்சிருக்கேன்?

தம்பி: போறான், போறான்... போயிட்டான். கையை வேற காட்டிட்டுப் போறான்.

அக்கா: என்ன காட்டினான்?

தம்பி: வணக்கம் இல்ல.

அக்கா: போடா.

தம்பி: அப்பா மட்டும் இப்போ பின் சீட்டுல உட்கார்ந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பார். "நடு லேன் முந்திப் போறதுக்கும்மா. முந்தினோமா, இடது பக்கம் திரும்பி வந்தோமான்னு இருக்கணும். அங்க போய் குடியிருக்கக் கூடாது."

அக்கா: ம்.

தம்பி: கடைசியில அவரே அங்க குடி போனார்ங்கறது வேற கதை...

அக்கா: அதைப் பேசாதடா.

தம்பி: ஏன்? நாம போறதே அந்தக் கதைக்குத்தானே?

அக்கா: மணி என்ன?

தம்பி: பத்தேகால். மூணாவது தடவையா கேக்குற. பக்கத்து வீட்டுக் கண்ணாடி மாமாவோட சாமான் வண்டி பதினொண்ணுக்குத்தானே? முக்கால் மணி நேரத்துல போயிடலாம். நிதானமா போ. நிதானமா இடது பக்கம் போ.

அக்கா: நேத்து போன் பண்ணினார்டா.

தம்பி: தெரியும். சொன்னியே. வீட்டை வித்தாச்சு, பையன்கிட்ட போறேன், போயிட்டு வரேம்மான்னார்.

அக்கா: அது மட்டும் இல்ல. இன்னொண்ணும் சொன்னார்.

தம்பி: என்ன?

அக்கா: "நாப்பது வருஷம் ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்தோம். சொல்லிக்காம போறேன். அந்தப் புகாரை எழுதினது நான் இல்லன்னு மட்டும் உங்கப்பாகிட்ட என்னைக்காவது சொல்லிடும்மா"ன்னார்.

தம்பி: அழுதாரா?

அக்கா: அழலடா. அதான் தாங்கல. சாதாரணமாத்தான் சொன்னார், கடையில யாருக்கோ கண்ணாடி எப்போ ரெடியாகும்னு சொல்ற மாதிரி.

தம்பி: அப்பா கேக்கணுமே. அஞ்சு மாசமா மாமா பேரை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுறார்.

அக்கா: மாமாகூட செஸ் ஆடாத ஒரு சாயங்காலம் உண்டா? அம்மா போன அன்னைக்குக் கூட மாமா வந்து பலகையை விரிச்சு வச்சுட்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேரும் ஒரு காயையும் நகர்த்தல. சும்மா உட்கார்ந்திருந்தாங்க.

தம்பி: ஞாபகம் இருக்கு.

அக்கா: இப்போ அந்தப் பலகை ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி கிடக்குடா. போன மாசம் போனப்ப பார்த்தேன்.

தம்பி: நானும் போய் ரெண்டு மாசம் ஆச்சு. வேலை... ஒண்ணு மாத்தி ஒண்ணு.

அக்கா: முன்னெல்லாம் நாம போகணும்னே இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாவே வந்து நிப்பார். உன் வீட்டுல காபி, என் வீட்டுல சாப்பாடு. லைசன்ஸ் போனதும் எல்லாம் போச்சு. இப்போ நாம போனாத்தான் உண்டு. நாம எங்க போறோம்?

தம்பி: இன்னும் தினம் காலையில ஷெட்டுல போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுறாராம். பேட்டரி இறங்கிடக் கூடாதாம்.

அக்கா: யார் சொன்னது?

தம்பி: அவர்தான். போன்ல. நான் சிரிச்சேன். வச்சப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அக்கா: ஆஸ்பத்திரிச் சலவைத்துணி வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டினவர்டா. ஒரு கீறல் கிடையாது. ஒரு அபராதம் கிடையாது.

தம்பி: அந்த மனுஷனை ஒரு புகாரை வச்சுக் கூப்பிட்டு, கண்ணு டெஸ்ட், ஓட்டு டெஸ்ட்... அதிகாரி பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே பன்னெண்டு கிலோமீட்டர் நடு லேன்லயே போயிருக்கார். அதிகாரி ரெண்டு தடவை சொல்லியும் வரலையாம். அப்புறம் லைசன்ஸை வச்சுட்டுப் போங்கன்னுட்டாங்க.

அக்கா: இடது கண்ணு முக்கால்வாசி போயிருந்துச்சாம். மாமா ஒரு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கார், கடைக்கு வா, பார்க்கலாம்னு.

தம்பி: அதனாலதானே மாமா மேல சந்தேகம் வந்துச்சு. கண்ணு விஷயம் வேற யாருக்குத் தெரியும்?

அக்கா: இன்னைக்கு அப்பாகிட்ட நான் ஒண்ணு சொல்லப்போறேன்.

தம்பி: என்ன?

அக்கா: சொல்லிட்டு, ரெண்டு பேரையும் ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார வச்சுட்டா போதும். மாமா நிம்மதியா கிளம்புவார். அப்புறம் அப்பா என்னை வீட்டுக்குள்ள விட்டாலும் சரி, விடலன்னாலும் சரி.

தம்பி: அக்கா, எதுக்கு இப்படி ஸ்டியரிங்கைப் பிழியுற?

அக்கா: நான்தான்டா எழுதினேன். அந்தப் புகார். நான்தான்.

தம்பி: ரோட்டைப் பாரு.

அக்கா: ஏதாவது சொல்லேன்டா. திட்டவாவது செய்.

தம்பி: இரு. பக்கத்துல ஒரு பஸ் வருது. போகட்டும்.

அக்கா: பஸ் போயிடுச்சு.

தம்பி: ஏன் எழுதின?

அக்கா: அன்னைக்கு மருந்துக்கடையில டூட்டி முடிஞ்சு இதே ரோட்டுல வந்துக்கிட்டு இருந்தேன். முன்னாடி பார்த்தா வண்டிங்க வரிசையா ஊர்ந்துக்கிட்டு இருக்கு. ஏதோ விபத்துன்னு நினைச்சேன். கிட்டப் போனா... நம்ம வெள்ளைக் கார். அறுபதுல. நடுவுல. இடது பக்கம் யாரும் இல்ல, வலது பக்கம் நெரிசல். பின்னாடி இருக்கறவங்கல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க, விளக்கைப் போடுறாங்க, மனுஷன் அசையல.

தம்பி: ம்.

அக்கா: ஒரு லாரிக்காரன் பொறுமை போய் இடது பக்கமா முந்தினான். அதே நேரம் இவர் லேசா இடது பக்கம் சாயுறார். பார்க்கவே இல்லடா. அந்தக் கண்ணுலதான் தெரியாதே. லாரிக்காரன் ஓரத்துல இறக்கிட்டான். ஒரு சாண்... ஒரு சாண் இருந்திருக்கும்.

தம்பி: அப்பாகிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?

அக்கா: போனேன். அன்னைக்கே நேரா அங்கதான் போனேன். கதவைத் திறந்து, "வாம்மா, நீ வருவேன்னு உள்ளுக்குள்ள தோணிக்கிட்டே இருந்துச்சு"ன்னார். காபி போட்டார். ரோட்டுல எல்லாரும் இப்பல்லாம் ரொம்ப மரியாதையா ஒதுங்கிப் போறாங்கன்னு சொன்னார்.

தம்பி: ஐயோ.

அக்கா: அந்த முகத்தைப் பார்த்துட்டு என்னத்தைச் சொல்றது? குடிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சமையல் மேடையிலேயே டேப்லட்டை வச்சு எழுதி அனுப்பிட்டேன். திரும்பப் படிக்கக் கூட இல்ல. படிச்சா அனுப்ப மாட்டேன்னு தெரியும்.

தம்பி: பேரைப் போட்டியா?

அக்கா: பேர் ரகசியமா இருக்கும்னு கீழ எழுதியிருந்துச்சு. ஒரு எச்சரிக்கைக் கடுதாசி அனுப்புவாங்க, பயந்துக்கிட்டு ஒழுங்கா ஓட்டுவார்னு நினைச்சேன். லைசன்ஸைப் பிடுங்குவாங்கன்னு நான் கண்டேனா?

தம்பி: காப்பி வந்திருக்குமே, மெயில்ல?

அக்கா: இருக்கும். நான் திறக்கல.

தம்பி: போனைக் குடு.

அக்கா: எதுக்கு?

தம்பி: குடேன். அப்பாகிட்ட சொல்லப்போற, என்ன எழுதினேன்னு கேட்டா தெரிய வேண்டாமா?

அக்கா: கைப்பையில இருக்கு. நம்பர் நாலு தடவை ஏழு.

தம்பி: இதெல்லாம் ஒரு பூட்டா... இரு. இதோ. "ஐயா, கீழ்க்கண்ட எண்ணுள்ள வாகனத்தை ஓட்டுபவர் வயதானவர். இடது பக்கம் காலியாக இருந்தாலும்..." அக்கா.

அக்கா: படி.

தம்பி: "இடது பக்கம் காலியாக இருந்தாலும் தொட்டிலை விட்டு வருவதே இல்லை."

அக்கா: என்னது?

தம்பி: "தினமும் தொட்டிலிலேயே மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். இதனால் மற்ற வாகனங்களுக்கு..."

அக்கா: தொட்டில்னா எழுதியிருக்கேன்?

தம்பி: ரெண்டு இடத்துல.

அக்கா: கடவுளே... கை தானா எழுதியிருக்கு. நாம வீட்டுல அப்படித்தானேடா சொல்லுவோம்.

தம்பி: நாம சொல்லுவோம். நாம நாலு பேர்தான் சொல்லுவோம். உலகத்துல வேற எவன் நடு லேனைத் தொட்டில்னு சொல்லுவான்? அம்மா வச்ச பேரு அது.

அக்கா: "ரெண்டு பக்கமும் கோடு, நடுவுல நாம. தொட்டில்ல போட்ட மாதிரி தூக்கம் வருதுங்க. கொஞ்ச தூரம் தொட்டில்ல போங்களேன்"னு கெஞ்சுவா.

தம்பி: அப்பா விட மாட்டார்.

அக்கா: சட்டம்னா சட்டம்பார். ரோடு சுத்தமா காலியா இருந்தா, வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு கிலோமீட்டர். அம்மா அதுக்கே குழந்தை மாதிரி கையைத் தட்டுவா. அடுத்த நிமிஷம் இண்டிகேட்டரைப் போட்டு இடது பக்கம் வந்துடுவார். அம்மா முகம் சுருங்கிடும்.

தம்பி: அம்மா போனப்புறம்தான் அவர் அங்க குடியேறினது...

அக்கா: எனக்கு இது தோணவே இல்லடா. கண்ணு தெரியல, பிடிவாதம், வயசாச்சு, எல்லாம் யோசிச்சேன். இது மட்டும் தோணல. அந்த வார்த்தையை வச்சே எழுதியிருக்கேன், அப்பவும் தோணல.

தம்பி: அழாத. ரோட்டைப் பாரு. அக்கா... அக்கா, அது நம்ம எக்ஸிட்!

அக்கா: எங்க?

தம்பி: இதோ, பதினாலு! இடது பக்கம் போ, போ!

அக்கா: லாரிடா! வரிசையா வருதுடா, இடமே விட மாட்டேங்கறான்!

தம்பி: மெதுவா போ, பின்னாடி நுழை...

அக்கா: பின்னாடியும் லாரி!

தம்பி: வேண்டாம், வேண்டாம், திருப்பாத! விடு. நேரா போ. போச்சு. போயிடுச்சு.

அக்கா: அடுத்தது எங்க?

தம்பி: பலகையில போட்டிருக்கான். இருபத்திரண்டு கிலோமீட்டர்.

அக்கா: போய் இருபத்திரண்டு, திரும்பி வர இருபத்திரண்டு.

தம்பி: முன்னாடியே இடது பக்கம் வந்திருந்தா... சரி, இப்போ சொல்லி என்ன.

அக்கா: சொல்லு. நல்லாச் சொல்லு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

தம்பி: மாமாவுக்குப் போன் போடுறேன். அரை மணி நேரம் இருங்கன்னு சொல்லலாம்.

அக்கா: போடு, போடு.

தம்பி: ரிங் போகுது... ரிங் போகுது... எடுக்கல.

அக்கா: சாமான் ஏத்துற சத்தத்துல கேட்டிருக்காது. மறுபடி போடு.

தம்பி: எடுக்கல. ஏதாவது பெட்டிக்குள்ள வச்சு ஒட்டியிருப்பார். கண்ணாடியைத் தலையில மாட்டிக்கிட்டே கண்ணாடி தேடுற மனுஷன் அவர்.

அக்கா: அப்பாவுக்குப் போடவா?

தம்பி: போட்டு? "போய் மாமாவை நிறுத்துங்க"ன்னா எதுக்குன்னு கேப்பார். போன்லயா சொல்லுவ?

அக்கா: முடியாது.

தம்பி: அப்போ ஓட்டு.

அக்கா: ஓட்டுறேன்.

தம்பி: இப்போ மட்டும் ஒழுங்கா இடது பக்கம் போற.

அக்கா: இப்போ போய் என்ன புண்ணியம்.

தம்பி: அக்கா, நீ மட்டும் இல்ல.

அக்கா: என்ன நீ மட்டும் இல்ல?

தம்பி: எனக்கு முன்னாடியே தெரியும்.

அக்கா: எது?

தம்பி: நீ எழுதினது. அந்த வாரம் உன் வீட்டுக்குக் குழாய் மாத்த வந்தேனே, பசங்க படம் போடச் சொன்னாங்கன்னு டேப்லட்டைத் திறந்தேன். "உங்கள் புகாருக்கு நன்றி"ன்னு வந்து நிக்குது. வண்டி நம்பரோட.

அக்கா: தெரிஞ்சுக்கிட்டு அஞ்சு மாசம் வாயைத் திறக்காம இருந்தியா?

தம்பி: திறந்தேன். அதான் தப்பு.

அக்கா: புரியல.

தம்பி: லைசன்ஸ் ஆபீஸ்லருந்து கடுதாசி வந்த அன்னைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார்ல. கூடத்துல அதை விரிச்சு வச்சுக்கிட்டு, "யாரா இருக்கும்?"னு கேட்டார். அப்படியே என் முகத்தைப் பார்க்குறார். உன் பேர் என் முகத்துல எழுதி ஒட்டியிருக்கற மாதிரி இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஜன்னல்ல மாமா செடிக்குத் தண்ணி விடுறது தெரிஞ்சுச்சு...

அக்கா: டேய்.

தம்பி: "கண்ணு விஷயம் மாமாவுக்குத்தானேப்பா தெரியும்"னு சொல்லிட்டேன்.

அக்கா: டேய்...

தம்பி: அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். இன்னும் அந்த ஜன்னல் திறக்கல.

அக்கா: அவர் நமக்கு என்னடா கெடுதல் பண்ணினார்? உனக்கு முதல் கண்ணாடி அவர்தான் போட்டார். பள்ளிக்கூடத்துல போர்டு தெரியலன்னு நீ அழுதப்ப, ராத்திரி எட்டு மணிக்குக் கடையைத் திறந்து...

தம்பி: ஞாபகப்படுத்தாத.

அக்கா: ஞாபகப்படுத்தணும்டா. ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கணும்.

தம்பி: உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன்.

அக்கா: தெரியும். அதான் இன்னும் வயிறு எரியுது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு கேட்டிருக்கேன். நம்ம வீட்டுலயே நடக்கும்னு நினைக்கல.

தம்பி: மெல்ல எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். ஒரு வாரம், ரெண்டு வாரம்... கிழவங்க சண்டை, தானா பேசிப்பாங்கன்னு. மாமா வீட்டை விக்கிற அளவுக்குப் போகும்னு யார் கண்டா?

அக்கா: பேச்சுத்துணையே போனப்புறம் அந்த வீட்டுல அவர் எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார்?

தம்பி: எக்ஸிட் வருது. இடது பக்கம்தான் இருக்க. அப்படியே இறங்கு.

அக்கா: மணி?

தம்பி: கேக்காத.

அப்பா: அடடே! ரெண்டு பேரும் சேர்ந்தா வர்றீங்க? யார் செத்தது?

அக்கா: அப்பா... மாமா எங்கப்பா?

அப்பா: செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. வந்ததும் வராததுமா எந்த மாமா?

அக்கா: பக்கத்து வீட்டுல பூட்டு தொங்குதே, கிளம்பிட்டாரா?

அப்பா: வண்டி பதினொண்ணுக்கு வந்துச்சு. அரை மணி நேரம் ஏத்தினாங்க. அவன் வீட்டுல அவ்வளவு சாமான் இருக்கும்னு எனக்கே தெரியாது. கிளம்பி ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

தம்பி: பத்து நிமிஷம்!

அக்கா: பேசினீங்களா?

அப்பா: நான் உள்ள இருந்தேன்.

அக்கா: அவர் வந்தாரா?

அப்பா: நம்ம கேட் வரைக்கும் வந்தான். கொண்டியில கையை வச்சான். கொஞ்ச நேரம் அப்படியே நின்னான். அப்புறம் கையை எடுத்துட்டுப் போயிட்டான்.

தம்பி: நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?

அப்பா: ஜன்னல் இடுக்குல பார்த்தேன். ஒரு கண்ணுக்கு அது போதும்.

அக்கா: அப்பா, உட்காருங்க.

அப்பா: காபி போடுறேன். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து எத்தனை நாளாச்சு.

அக்கா: காபி வேண்டாம். உட்காருங்கப்பா. மாமா எழுதலப்பா அதை. நான்தான் எழுதினேன். அன்னைக்கு ரோட்டுல உங்களைப் பின்னாடியே வந்து பார்த்தேன். லாரி இடிக்கப் பார்த்துச்சு. முகத்துக்கு நேரா சொல்ல தைரியம் இல்ல. கோழை மாதிரி எழுதிப் போட்டேன்.

தம்பி: மாமாவா இருக்கும்னு உங்க காதுல போட்டது நான்ப்பா. அக்கா எழுதினது தெரிஞ்சேதான் சொன்னேன்.

அப்பா: சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க? நாற்காலி இருக்குல்ல.

அக்கா: அப்பா, என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா இப்பவே கிளம்புங்க. சாமான் வண்டி மெதுவாத்தான் போகும். நான் ஓட்டுறேன், பிடிச்சிடலாம். இறங்கி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும். "நீ எழுதலன்னு இப்பத்தான்டா எனக்குத் தெரிஞ்சுச்சு"ன்னு சொல்லுங்க.

அப்பா: அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா.

அக்கா: ஏம்ப்பா? இன்னும் என்ன வீம்பு?

அப்பா: வீம்பு இல்ல. வாழ்க்கை பூரா அவன்கிட்ட செஸ்ஸுல கூட நான் பொய் ஆட்டம் ஆடினதில்ல. இப்பத்தான் தெரிஞ்சுச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?

தம்பி: அப்பா...

அப்பா: கடுதாசி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி லைசன்ஸ் ஆபீஸ்லருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. "ஐயா, உங்க மேல ஒரு புகார். நீங்க தினமும் தொட்டில்ல போறீங்கன்னு எழுதியிருக்கு. எங்க யாருக்கும் புரியல. குழந்தையைத் தொட்டில்ல போட்டு வண்டியில கட்டித் தொங்க விட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சுட்டேன். இல்லம்மா, வீட்டுல வயசான ஆள் ஒருத்தன்தான் இருக்கேன்னு சொன்னேன். போனை வச்சுட்டு ரொம்ப நேரம் உங்கம்மா படத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தேன். அவளால எழுத முடியாது. இவன் ரெண்டு வரிக்கு மேல எதையும் எழுத மாட்டான்.

தம்பி: அப்போ நான் மாமா பேரைச் சொன்னப்ப...

அப்பா: மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்ன. மூணு வயசுலருந்து பொய்க்கு முன்னாடி உனக்கு மூக்கு அரிக்கும்.

அக்கா: நான்தான்னு தெரிஞ்சும் ஏம்ப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல?

அப்பா: என்னத்தைக் கேக்குறது? நீ எழுதினது சரிதானே. எனக்கே ரோடு பாதி தெரியல. எவன் பிள்ளை மேலயாவது ஏத்தியிருப்பேன்.

அக்கா: அப்புறம் எதுக்குப்பா... ஒரு தப்பும் பண்ணாதவர்னு தெரிஞ்சும், எதுக்கு அந்த மனுஷன்கூட அஞ்சு மாசம் பேசாம இருந்தீங்க?

அப்பா: சரின்னு தெரிஞ்சாலும் கோபம் வந்துச்சேம்மா, அதை எங்கயாவது இறக்கணுமே. அவன்மேல இறக்கினா பக்கத்து வீட்டுலதானே இருக்கான், எங்க போயிடப் போறான், என்னைக்காவது ராசியாயிக்கலாம்னு நினைச்சேன். உன்மேல கோபப்பட்டா, நீ மாசத்துக்கு ஒரு தடவை வர்றதும் நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு.